ஏ லெவலும் பிளஸ் டூவும் அமெரிக்காவில் ஒரு வருடத்தை மிச்சப்படுத்துமா?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய லாத்தா (அக்கா) மகன் துபாயில், பிரிட்டிஷ் முறைப் பள்ளி இறுதித் தேர்வான கேம்பிரிட்ஜ் ஏ லெவல் முடித்திருக்கிறான்: கணக்கு, இயற்பியல், வேதியியல். கேட்டவருடைய மகள் ஊரிலேயே தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு பேரும் அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்க நினைக்கிறார்கள். பையனுக்கு மெக்கானிக்கல், பெண்ணுக்குக் கடல் உயிரியல். ஒரு ஏஜெண்ட், "பள்ளிப் படிப்பையே கிரெடிட்டாக மாற்றித் தருகிறேன், முதல் வருடம் படிக்கத் தேவையில்லை" என்று சொல்லி, தலைக்கு 45,000 ரூபாய் கேட்கிறாராம். "இதெல்லாம் அங்கே செல்லுமா?" என்பது அவர் எழுதிய கேள்வி. அவர் மனதில் இருப்பது, ஒரு வருடச் செலவு குறையுமா என்பது. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று வரலாம். குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நான் உச்சிப்புளிக்காரன். ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் பதினோரு வருடம் ஏ லெவல் கணக்கு நடத்தினேன். கடைசி ஆறு வருடம் தேர்வு அலுவலர் பொறுப்பும் என் தலையில்தான். பதிவு, மதிப்பெண், சான்றிதழ், பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் கடிதம் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். ஊர் திரும்பிய பிறகு இந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே என் வகுப்பில் பாதிப் பேர் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பிள்ளைகள் என்பதால் உங்களைக் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன் காக்கா. உங்கள் மருமகனுக்கு, அதாவது லாத்தா மகனுக்கு, கிரெடிட் கிடைக்கும். எவ்வளவு என்பது அவன் சேரும் இடத்தைப் பொறுத்தது. முழு வருடம் குறைந்தால் அதிர்ஷ்டம், ஒரு செமஸ்டர் குறைந்தால் நியாயமான பலன். உங்கள் மகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டிக் கிரெடிட் வாங்க முடியும் என்று எண்ணி எந்தத் திட்டமும் போடாதீர்கள். அவளுக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அவர் செய்துதருவதாகச் சொல்வது அவர் கையில் இல்லாத காரியம். கிரெடிட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் பல்கலைக்கழகத்தின் முடிவு.

கிரெடிட் என்றால் என்ன என்று ஒரு வரி. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து, எட்டு செமஸ்டர், நான்கு வருடம். ஒரு பாடம் மூன்று அல்லது நான்கு கிரெடிட். காலாண்டு முறை வைத்திருக்கும் இடங்களில் இதுவே 180 யூனிட். நம் பிளஸ் டூ, சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு எல்லாம் அவர்கள் கணக்கில் பள்ளி முடித்ததற்கான அத்தாட்சி. ஏ லெவலையும் ஐபி டிப்ளமா என்ற சர்வதேசப் பள்ளித் திட்டத்தின் உயர்நிலைப் பாடங்களையும் பள்ளிக்கு மேலே ஒரு படி என்று பார்க்கிறார்கள். 600க்கு 580 எடுத்த நம் பிள்ளை, ஏ லெவலில் சி எடுத்த பையனைவிடக் கெட்டிக்காரியாக இருக்கலாம். அது வேறு விஷயம். எந்தத் தேர்வை எந்தத் தட்டில் வைப்பது என்று அவர்கள் என்றோ முடிவு செய்துவிட்டார்கள், அதில் வாதாடிப் பயன் இல்லை.

மருமகனுடைய கணக்கைப் பார்ப்போம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ எல்லாம் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தொகுதியில், ஏ லெவலில் சி அல்லது அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு பாடத்துக்கும் 12 காலாண்டு யூனிட் உண்டு. செமஸ்டர் கணக்கில் எட்டு. மூன்று பாடம் என்றால் 36 யூனிட், 180இல் ஐந்தில் ஒரு பங்கு. ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான பட்டியலே இருக்கிறது, அதில் ஏ லெவலின் முதல் பாதியான ஏஎஸ் நிலைக்கும் இடம் உண்டு. வேறு பல இடங்களில் ஏஎஸ் மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் தரமாட்டார்கள். பத்தாம் வகுப்பு அளவிலான ஐஜிசிஎஸ்இக்கு எங்கேயும் எதிர்பார்க்காதீர்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள், ஐபி டிப்ளமாவை எல்லாப் பாடத்திலும் நான்குக்குக் குறையாமல் முடித்தவருக்குக் குறைந்தது 24 கிரெடிட் தர வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. இன்னொரு கோடியில் கால்டெக் போன்ற இடம்: எந்தத் தேர்வுக்கும் கிரெடிட் கிடையாது. அவர்களே ஒரு தேர்வு வைத்து, எந்த வகுப்பில் உட்காரலாம் என்று மட்டும் சொல்வார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கணக்கில் ஏறும் கிரெடிட் ஒன்று, பட்டத்துக்கு உதவும் கிரெடிட் இன்னொன்று. இருபத்து நான்கு கிரெடிட் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொன்றும் மெக்கானிக்கல் பட்டத்தின் ஏதாவது ஒரு கட்டாயப் பாடத்தின் இடத்தில் போய் உட்கார வேண்டும். உட்காராதது விருப்பப் பாடக் கிரெடிட் என்று ஓரமாக நிற்கும். பொறியியல் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடமே கொஞ்சம்தான். அதனால் "ஏ லெவலை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். ஆமாம் என்று ஒரு வரியில் பதில் வரும், நீங்களும் சந்தோஷப்பட்டுவிடுவீர்கள். "கேம்பிரிட்ஜ் ஏ லெவல் இயற்பியலில் ஏ எடுத்தவருக்கு, உங்கள் மெக்கானிக்கல் பட்டத்தில் எந்த எண்ணுள்ள பாடம் கழியும், ஆய்வகப் பகுதியும் சேர்ந்து கழியுமா?" என்று கேளுங்கள். பாட எண்ணோடு பதில் வந்தால்தான் அது பதில்.

என்னிடம் படித்த பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் கதையைச் சொல்கிறேன். கணக்கில் ஏ, இயற்பியலில் ஏ, வேதியியலில் பி. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் சேர்ந்தான். கால்குலஸ் (நுண்கணிதம்) ஒன்று, இரண்டு இரண்டும் கழிந்துவிட்டன. நேராக மூன்றாம் கால்குலஸில் உட்கார்ந்தான், வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்டோபரில் எனக்கு அழைப்பு வந்தது: "சார், இவங்க ஏதோ சீரீஸ், கன்வர்ஜென்ஸ்னு பேசுறாங்க, நாம அதை எப்போ படிச்சோம்?" நாங்கள் படிக்கவே இல்லை. ஏ லெவல் கணக்கில் வகையிடலும் தொகையிடலும் நன்றாகவே வரும். ஆனால் முடிவிலித் தொடர் ஒருங்குமா ஒருங்காதா என்று பார்க்கும் சோதனைகள் அந்தப் பாடத்திட்டத்தில் கிடையாது. அமெரிக்காவில் இரண்டாம் கால்குலஸில் ஒரு பெரிய பகுதி அதுதான். கிரெடிட் கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. அந்த செமஸ்டர் சி வாங்கித் தப்பித்தான். அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: முதல் கால்குலஸைத் தாண்டுங்கள், இரண்டாவதைத் தாண்டும் முன் அந்தப் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை வாங்கி உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஏ லெவலில் ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் கணக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அந்தப் பையன் கடைசியில் ஏழு செமஸ்டரில் முடித்தான். ஏன் ஆறில் முடியவில்லை? பொறியியல் பாடங்கள் கோர்வையாக வருபவை. ஸ்டாட்டிக்ஸ் முடித்தால்தான் டைனமிக்ஸ், அது முடிந்தால்தான் அடுத்தது. இறுதித் திட்டப்பணி பல இடங்களில் இரண்டு செமஸ்டருக்கு நீளும், அதுவும் ஆண்டுக்கு ஒரு முறைதான் தொடங்கும். முன்பக்கம் நாலு பாடத்தைக் கழித்தாலும் நடுவிலுள்ள வரிசை அப்படியே இருக்கும். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, அமெரிக்க வரலாறு போன்ற பொதுப் பாடங்களும் மீதி. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வரலாற்றுக்கு ஆறு, அரசியலுக்கு ஆறு கிரெடிட் சட்டப்படி கட்டாயம். துபாயில் எழுதிய வேதியியல் அதற்கு உதவாது.

செலவு விஷயத்தில் இன்னொரு கண்ணி. நிறைய பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 கிரெடிட் வரை எத்தனை எடுத்தாலும் ஒரே கட்டணம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வழக்கமான செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் குறையவும் கூடாது. எனவே பத்துக் கிரெடிட் கையில் இருக்கிறது என்று செமஸ்டருக்குக் கொஞ்சம் குறைத்துப் படித்தால் ஒரு டாலரும் மிச்சமில்லை. முழுசாக ஒரு செமஸ்டர் கழிந்தால்தான் பணம் கையில் நிற்கும். அப்படியும் கழியாவிட்டால் கிரெடிட் வீண் என்று சொல்லமாட்டேன். அடுத்த வருட மாணவர் என்ற தகுதி வந்து, பாடம் பதிவு செய்யும்போது முன்வரிசை கிடைக்கும். சுமையும் குறையும். குளிரும் புது ஊருமாக இருக்கும் முதல் வருடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

நேரப் பொருத்தம் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் மே, ஜூன் தேர்வின் முடிவு ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில்தான் வரும். அங்கே செமஸ்டர் அதே மாதக் கடைசிக்குள் தொடங்கிவிடும். அச்சடித்த சான்றிதழ் பள்ளிக்கு வந்து சேர இன்னும் சில வாரம். பள்ளி கொடுக்கும் மதிப்பெண் தாளை ஸ்கேன் பண்ணி அனுப்பினால் சேர்க்கைக்கு ஒத்துக்கொள்வார்கள், கிரெடிட் ஏற்றமாட்டார்கள். பல இடங்கள் தேர்வு வாரியத்திடமிருந்து நேராக வரும் சான்றுரையைத்தான் கேட்கும். அதற்குத் தனிக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். மருமகனுக்கு முடிவு ஏற்கெனவே வந்துவிட்டதால் இன்றைக்கே அதைத் தொடங்கலாம். கிரெடிட் ஏறும் முன் வகுப்பு தொடங்கிவிட்டால், கழியப்போகும் பாடத்தை மறுபடி பதிவு செய்துவிடக் கூடாது. இரண்டு இடத்தில் ஒரே பாடம் என்றால் ஒன்றுக்குத்தான் கிரெடிட். முதல் வாரமே அட்வைசரை (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் ஆலோசகரை) பார்த்துப் பேசிவிட வேண்டும்.

அப்புறம் பெயர். நம் கடற்கரைக்கென்றே உள்ள தலைவலி இது. தேர்வுப் பதிவில் முகமது ஒரு எழுத்துக்கூட்டலில், பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டலில், ஊர்ப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் மூன்றாவதாக. வாப்பா பெயர் ஒன்றில் இனிஷியலாக, ஒன்றில் முழுசாக, ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம்! வாரியம் அனுப்பிய மதிப்பெண் ஒரு பெயரில் போய், மாணவர் இன்னொரு பெயரில் இருந்தால், அது யாரோடும் சேராமல் அங்கே ஒரு கோப்பில் கிடக்கும். என் அனுபவத்தில் கிரெடிட் வராமல் போனதற்குப் பாதிக் காரணம் மறுப்பு இல்லை, இந்தப் பெயர்க் குழப்பம். பாஸ்போர்ட்டை முதலில் சரிசெய்து, மற்ற எல்லாவற்றையும் அதன்படி கொண்டுவாருங்கள்.

இனி மகள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், கலப்பெண், வெக்டர் எல்லாம் இருக்கிறது. படித்த பிள்ளைக்கு அங்கே முதல் வருடக் கணக்கு பழைய பாடம்தான். ஆனால் தெரிந்ததை அவர்கள் ஒப்புக்கொள்ளும் தேர்வில் காட்ட வேண்டும். ஒரு வழி, காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரி அளவில் நடத்தும் ஏபி தேர்வு. பள்ளியில் அந்தப் பாடம் நடத்தாவிட்டாலும் எழுதலாம். மே மாதம் தேர்வு, பதிவு அதற்கு முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும். மையம் பெருநகரங்களில்தான், சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் எழுத வேண்டியிருக்கும். ஐந்துக்கு மூன்று எடுத்தால் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தரும், பெயர் பெற்ற இடங்கள் நான்கோ ஐந்தோ கேட்கும். கால்குலஸ் பிசி தாளில் ஐந்து எடுத்தால் பெரும்பாலும் இரண்டு கால்குலஸ் பாடங்கள் கழியும். ஒரே தேர்வில் இவ்வளவு பலன் தரும் தாள் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே போன பிறகு எழுதும் வழியும் உண்டு. கல்லூரிப் பாடங்களைத் தேர்வெழுதியே கழிக்க உதவும் சிஎல்இபி தேர்வில் 50 மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் போதும் என்கின்றன. சில துறைகள் தாங்களே ஒரு தேர்வு வைத்துக் கிரெடிட் கொடுக்கின்றன.

ஆனால் உயிரியலை மட்டும் தாண்டச் சொல்லமாட்டேன். கடல் உயிரியலுக்குப் போகிறவள் என்கிறீர்கள். மன்னார் வளைகுடாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலைக் கடந்து எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பாள். அந்த ஆசைக்கு அடித்தளம் முதல் வருட உயிரியலும் அதன் ஆய்வகமும்தான். பேராசிரியர்கள் தங்கள் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பதும் அந்த வகுப்புகளில் பார்த்துத்தான். நாளைக்கு மனம் மாறி மருத்துவம் என்றால் இன்னொரு சங்கடம்: அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பல, அடிப்படை அறிவியல் பாடங்களைக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. தேர்வால் கழித்த கிரெடிட்டை ஒத்துக்கொள்வதில்லை.

அவளுக்கு ஒரு லாபம் தமிழிலேயே இருக்கிறது. கலை, அறிவியல் பட்டங்களுக்கு அங்கே பல இடங்களில் அயல்மொழி ஒன்றை இரண்டு முதல் நான்கு செமஸ்டர் படிக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ் படித்தவருக்கு அந்தக் கட்டாயத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். கிரெடிட் ஏறாது, ஆனால் அத்தனை பாடத்துக்கான இடம் காலியாகும். இதைக் கேட்காமல் ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்த நம் பிள்ளைகள் உண்டு.

"ஊரிலேயே ஒரு வருடம் பி.எஸ்சி. படித்துவிட்டு, அந்தக் கிரெடிட்டோடு போகலாமா?" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். போகலாம். அழகப்பா பல்கலைக்கழகக் கல்லூரிப் பாடங்களைப் பாடவாரியாக மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு. வெளிநாட்டுப் படிப்பு அமெரிக்கக் கணக்கில் எதற்குச் சமம் என்று சொல்லும் டபிள்யூஇஎஸ், இசிஇ போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் உண்மையில் பயன்படுவது இந்த மாதிரி நேரத்தில்தான். கட்டணம் நூறு, இருநூறு டாலர் அளவில். அவர்களுடைய அறிக்கையும் ஒரு கருத்துதான், முடிவு பல்கலைக்கழகத்துடையது. ஆனால் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அவள் புதுமுக மாணவி இல்லை, மாறி வரும் மாணவி. புதுமுகத்துக்கு என்று ஒதுக்கிய பெரிய உதவித்தொகைகள் பலவும் கைவிட்டுப் போகும். இரண்டு வருடம் அமெரிக்காவிலேயே, கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் படித்து 60 கிரெடிட்டோடு மாறுவது பல குடும்பங்களுக்கு அதைவிடச் சிக்கனமாக அமைந்திருக்கிறது. உங்களுக்கு அது சரிப்படுமா என்பது எந்த மாநிலம், தங்க உறவு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஏஜெண்டிடம் திரும்புகிறேன். பள்ளி முடித்த சான்றை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, "அமெரிக்கப் பள்ளிப் படிப்புக்கு இணையானது" என்று ஒரு தாள் வாங்கித் தருவார். அதில் பொய் இல்லை, அதில் கிரெடிட்டும் இல்லை. ஏ லெவல் பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே வைத்திருப்பதால் மருமகனுக்கு அந்தத் தாளே வேண்டாம். மகளுக்கும், சேரப்போகும் இடம் எழுத்தில் கேட்டால் மட்டும் நீங்களே இணையத்தில் பணம் கட்டி எடுக்கலாம்.

மகளுக்கு அதைவிட அவசரமான காகிதம் ஒன்று இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருட மதிப்பெண்ணையும் ஒரே தாளில் கேட்பார்கள், டிரான்ஸ்கிரிப்ட் என்று. நம் பள்ளிகளில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சான்றிதழ் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பள்ளிப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். போன வருடம் ஒரு மாணவிக்காக ஓர் அரசுப் பள்ளிக்குப் போனபோது, அந்த நோட்டு பழைய வினாத்தாள் கட்டுக்கு அடியில், உப்புக் காற்றில் ஓரம் நைந்து கிடந்தது. தலைமையாசிரியர் பொறுமையாக எழுத்தரை உட்காரவைத்துத் தாளைத் தயார்செய்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, உறையின் ஒட்டுவாயிலும் இன்னொரு முத்திரை குத்திக் கொடுத்தார். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில், ஐந்து பிரதி வாங்கிவிடுங்கள். தலைமையாசிரியர்களுக்கு மாறுதல் கலந்தாய்வு வரும் முன் போங்கள். புதிதாக வருகிறவருக்கு அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.